பழைய ஃபிலிம் கேமரா பழுது: இன்னும் உறுத்திக்கிட்டே இருக்குற ஒண்ணைச் சொல்லுங்க

குடமுருட்டி:
யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். தஞ்சாவூர்ல மூடிப்போன ஒரு ஸ்டுடியோ சாமானோட வந்தது. பேட்டரி செக் பட்டனை அமுக்கினா பச்சை விளக்கு பளிச்சுன்னு எரியுது. ஆனா நெகட்டிவ் எல்லாம் கன்னங்கரேல்னு ஓவர் எக்ஸ்போஷர். மஞ்சள், சிவப்பு விளக்கு ரெண்டும் தன் இஷ்டத்துக்கு எரியுது. திறந்தா, பேட்டரி வயரை யாரோ புதுசு போட்டுப் பத்தவச்சிருக்காங்க, சர்க்யூட் பக்கமும் ஈயம் சிந்திக் கிடக்கு. அத்தனையும் வீண் வேலை. இந்த மாடல்ல லீவரை இழுக்கும்போது 'டக்'னு தெளிவா ஒரு சத்தம் வரணும். அது வரலை. மீட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி காதைக் கொடுத்திருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும்.

உள்ளே ஒரு சின்ன ரப்பர் பேட் இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அது மட்கி உதிர்ந்துட்டா ஷட்டர் பட்டனோட இறங்குற தண்டு பழைய இடத்துக்கு முழுசா ஏறாது, காண்டாக்ட் எல்லாம் தடுமாறும். மேல்மூடியைக் கழற்றினா நீள மூக்கு ட்வீசர் எட்டுற இடம்தான். பழைய பிசினை முழுக்கச் சுரண்டிட்டு கெட்டியான தட்டை ரப்பர் வைக்கணும். சைக்கிள் ட்யூப் ரப்பர் வேண்டாம், மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் அமுங்கிடும். கனம் கூடினாலும் சிக்கல், கொக்கி மாட்டாது. அதனால முதல்ல இரட்டைப் பக்க டேப்ல ஒட்டி வைண்ட் பண்ணிப் பாருங்க. டக் வந்தப்புறம் பசை.

நாகை ரோல்:
குடமுருட்டி சொல்வது சரி, ஆனால் வயரைப் பத்தவைத்தவரை இவ்வளவு திட்ட வேண்டாம். கடலோரத்தில் வரும் எலக்ட்ரோக்களில் வயரும் போயிருக்கும். ஒன்றில் பேட்டரி அறை பளபளவென்று சுத்தமாக இருந்தது. வயரின் உறையை ஒரு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைத் தூள். கசிந்த காரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. அறையில் வெள்ளைப் பூச்சு இருந்தால் காது குடையும் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைக்க வேண்டும். நுரைத்து அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டர், அதன்பின் ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்). சாற்றை அப்படியே விட்டால் அதுவே அரிக்கும்.

இதற்கு 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது கிடையாது. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டு, குறையும் நீளத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் போதும். அந்த 0.4 வோல்ட்டுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 நொடி தான். 'பேட்டரி இல்லாமலேயே வேலை செய்யுது சார்' என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான்.

ரெட்டைக்கண்ணு மன்னார்குடி:
யாஷிகா மேட் 124ஜி. ஒரு நொடியில வச்சு அடிச்சா பிளேடு திறந்து அப்படியே நிக்குது. முன்லென்ஸைக் கழட்டினதும் வந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. தேங்காய் எண்ணெய்! சிக்குப் பிடிச்ச தேங்காய் எண்ணெய். பிளேடு அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தது.

லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளயே இருக்குற தகட்டு ஷட்டர்) பிளேடுக்கு எண்ணெயே கிடையாது. தையல் மெஷின் எண்ணெயும் கிடையாது, டபிள்யூ.டி.40-உம் கிடையாது. உலர்ந்த தகடு உலர்ந்த தகட்டு மேல வழுக்குற மாதிரிதான் செஞ்சிருக்கான். லைட்டர் ஃப்ளூயிட் நம்ம பக்கம் கிடைக்கிறது கஷ்டம், மொபைல் சர்வீஸ் கடையில ஐ.பி.ஏ. வாங்குங்க. வண்டிக்குப் போடுற பெட்ரோல் வேண்டாம், காய்ஞ்சா பிசுபிசுப்பு விட்டுட்டுப் போகும். ஷட்டர் வேகத்தை 'பி'ல வச்சுத் திறந்து பிடிச்சுக்கிட்டு, பஞ்சுல தொட்டு முன்பக்கமும் பின்பக்கமும் துடைக்கணும், மூடி முப்பது நாப்பது தடவை அடிக்கணும், மறுபடி துடைக்கணும். முதல் தடவை சரியான மாதிரி இருக்கும். மறுநாள் இடுக்குல ஒளிஞ்சிருந்த எண்ணெய் திரும்பவும் பரவி ஒட்டிக்கும். பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க.

1/30 வரைக்கும் சரி, அதுக்குக் கீழ மட்டும் தூங்குதுன்னா பிளேடு குத்தமில்லை, மெதுவேகப் பல்சக்கரம். அதுக்கு முன்தகட்டையே கழட்டணும். பழக்கம் இல்லாதவங்க அங்க கை வைக்காதீங்க.

இன்னொண்ணு. எம், எக்ஸ், வி லீவர் (எம் பழைய ஃப்ளாஷ் பல்புக்கு, எக்ஸ் எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு, வி செல்ஃப் டைமருக்கு). எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் மாட்டிட்டு லீவர் எம்-ல இருந்தா ஷட்டர் முழுசாத் திறக்குறதுக்கு முன்னாடியே ஃப்ளாஷ் அடிச்சு முடிஞ்சிடும், ஃபிரேம் காலி. கேமரா ரிப்பேர்னு கொண்டு வருவாங்க. லீவரை எக்ஸ்-க்குத் தள்ளினா முடிஞ்சது வேலை. வி பக்கம் போகவே போகாதீங்க. ஐம்பது வருஷப் பழைய செல்ஃப் டைமர் நடுவுல நின்னா ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிடும்.

அரசலாறு:
@ரெட்டைக்கண்ணு, பிளேடுக்கு எண்ணெய் இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அதைப் படிச்சுட்டு 'கேமராவுக்கே எண்ணெய் கூடாது'ன்னு கிளம்பிடுறாங்க. கேனான் ஏஇ-1 கீச்சுன்னு கத்துறதைக் கேட்டதில்லையா? மிரர் பக்கம் உள்ள பல்சக்கரம் வறண்டுபோய்ப் போடுற சத்தம் அது. அதுக்கு எண்ணெய் விட்டே ஆகணும். வாட்ச் எண்ணெய், ஊசி முனையில ஒரு துளி, அதுவும் அந்தச் சக்கரத்துக்கு மட்டும். கும்பகோணத்துல பாத்த ஒண்ணுல சிரிஞ்சை உள்ளே விட்டு மொத்தமா அடிச்சிருந்தாங்க. கீச்சு போயிடுச்சு. மேக்னட் முகத்துல எண்ணெய் படிஞ்சு ஷட்டரும் போயிடுச்சு.

ஆறுக்காறு:
அக்ஃபா ஐசோலெட். தூர அளவு வளையம் சுகமாகச் சுற்றியது, எல்லோரும் 'நல்ல கண்டிஷன்' என்றார்கள். படம் மட்டும் எல்லாத் தூரத்திலும் மங்கல். சுகமாகச் சுற்றியதுதான் பழுதே.

அக்ஃபாவின் பச்சை கிரீஸ் காலப்போக்கில் சிமெண்ட்டாக இறுகும். முன்கண்ணாடியும் நடுக்கண்ணாடியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். யாரோ பலத்தைப் போட்டுத் திருப்பியதில் பிடி விட்டிருக்கிறது, ஆனால் தப்பான மரையில்: முன்கண்ணாடி மட்டும் நகராமல், நடுக்கண்ணாடியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறினால்தான் ஃபோகஸ் மாறும். அது மாறவே இல்லை.

இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்து, மரை விளிம்பில் லைட்டர் ஃப்ளூயிட் விட்டு இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஹேர் டிரையர் சூடு, திருப்பல், மறுபடி ஊறல். பிரிந்ததும் பச்சை கிரீஸைப் பல்குச்சியால் எடுத்துவிட்டு, மரையில் மெல்லிதாகப் புது ஹெலிகாய்டு (ஃபோகஸ் மரை) கிரீஸ். பிரிக்கும்போது மரை விடுபடும் இடத்தில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள், வேறு மரையில் ஏறினால் அளவு சேரவே சேராது.

பிறகு இன்ஃபினிட்டி, அதாவது வெகு தூரத்து ஃபோகஸ். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடி, சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்த்தபடி. ஷட்டரை 'பி'யில் திறந்து வைத்து, அபர்ச்சர் முழுதும் திறந்து, லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்க்க வேண்டும். நம் ஊரில் குறி தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி மொட்டை மாடியில் நின்றால் பெரிய கோயில் விமானம், அதன் கலசம். கலசத்தின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் வளையத்தை இன்ஃபினிட்டிக்கு வைத்து திருகை இறுக்குங்கள்.

பெல்லோஸையும் (லென்ஸுக்குப் பின்னால் மடியும் உறை) இருட்டில் உள்ளே டார்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓட்டை எப்போதும் மடிப்பின் மூலையில்தான்.

ஐப்பசி மழை:
50 எம்.எம். பென்டாக்ஸ், கே1000-ஓட வந்தது. பூஞ்சை. துடைச்சதும் கண்ணாடி பளிங்கு. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா அதே வலை அதே இடத்துல தெரியுது. பூஞ்சை போயிடுச்சு, அது தின்ன கோட்டிங் திரும்பி வரலை. மேல தேய்க்கத் தேய்க்க கெடுக்கத்தான் செய்வோம். அவ்ளோதான் என் கதை.

இனி இந்தப் பிரச்சனையே வராம இருக்க. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல போனா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில நம்ம வீட்டுக்குள்ள அது அதுக்கும் மேலதான். நெல் குதிர்ல வைக்கிறது, அரிசி டப்பாவுல புதைக்கிறது ரெண்டையும் விட்டுடுங்க. அரிசி மாவுத்தூள் ஹெலிகாய்டுல ஏறும், வண்டும் வரும். அந்துருண்டை, கற்பூரம் வேண்டாம், ஆவி கண்ணாடியில படியும். தோல் உறைக்குள்ள வச்சு மூடுறது எல்லாத்தையும் விட மோசம், தோலே ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே கால் கிலோ நீல சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-லேர்ந்து 50-க்குள்ள நிக்கணும். 30-க்குக் கீழ போகவிடாதீங்க. ஜெல் இளஞ்சிவப்பானா வாணலியில மெல்லிய சூட்டுல நீலமாகுற வரைக்கும் வறுங்க. அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீங்க, நீலத்துக்குக் காரணம் கோபால்ட். டப்பா வாங்க முடியாதவங்க பீரோவுக்குள்ள ஜீரோ வாட் பல்பு போடலாம், ஸ்டுடியோக்காரங்க அந்தக் காலத்துல அப்படித்தான் வச்சிருந்தாங்க.

புதுப் பூஞ்சைக்கு: மெடிக்கல்ல கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம். சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்தா 3. அதோட அதே அளவு வீட்டுக்குப் பயன்படுத்துற அமோனியா. ஜன்னல் திறந்து வச்சு, அப்பப்போ கலந்து அப்பப்போ கொட்டணும். மூடி வச்சா பாட்டில் வெடிக்கும். கண்ணாடியைத் தனியா கழட்டி எடுத்துத்தான் இதைத் தொடணும், ஒட்டின ஜோடிக் கண்ணாடியை ஊற வைக்கவே கூடாது.

குடமுருட்டி:
ஜீரோ வாட் பல்பு யோசனையை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பேர்தான் ஜீரோ, 12, 15 வாட் இழுக்கும். இரும்பு பீரோவுக்குள்ள ராத்திரி பகலா எரிஞ்சா ஹெலிகாய்டு கிரீஸ் இளகி அபர்ச்சர் பிளேடுக்கு வழியும். சித்திரை வெயில்ல சொல்லவே வேண்டாம். பல்பு பீரோவுல இருந்து வந்த லென்ஸ்ல பூஞ்சை இருக்காது, பிளேடு முழுக்க எண்ணெய் இருக்கும்.

ஐப்பசி மழை:
பூஞ்சை கோட்டிங்கைத் திங்கும். எண்ணெயைத் துடைச்சுக்கலாம். எது தேவலை?

உப்பளக் காத்து:
ஆடிப்பெருக்கன்னைக்குப் படித்துறையில தண்ணிக்குள்ள விழுந்த ஜெனித். எடுத்ததும் வெயில்ல காய வச்சுட்டாங்க. அதுதான் உறுத்துது. ஆத்துத் தண்ணியால கெட்டது பாதிகூட இல்லை, காய்ஞ்சப்புறம் பல்சக்கரத்துல இறுகின வண்டல்தான் மீதி முழுக்க. ஈரமா இருந்த வரைக்கும் நல்ல தண்ணியில அலசினா வந்திருக்கும்.

விழுந்தா மீட்டர் பேட்டரி உள்ள கேமராவுல முதல்ல பேட்டரியை எடுங்க. லீவரை இழுத்து 'வேலை செய்யுதா'ன்னு பாக்காதீங்க, மணல் அரைக்கும். அடிமூடியைக் கழட்டி டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, அப்புறம் ஐ.பி.ஏ., அப்புறம் மின்விசிறி. உள்ளே இருந்த ரோலைக் காய விடாதீங்க. இருட்டுல எடுத்து, தண்ணி நிறைஞ்ச டப்பாவுல போட்டு அப்படியே லேபுக்குக் கொண்டு போங்க. காய்ஞ்சா சுத்து சுத்தோட ஒட்டிக்கும். வேதாரண்யம் பக்கம் கடல் தண்ணின்னா மணிக்கணக்கு கூடத் தாங்காது, அலுமினியத்துல வெள்ளைக் கொப்புளம் வந்துடும்.

பெரம்பூர்க் கல்வெட்டு:
கே1000. 1/1000-ல எடுத்தா படத்தோட ஒரு ஓரம் கறுப்பு. 1/500-ல லேசா. 1/250-ல இல்லை. ஸ்பிரிங்கை இறுக்கச் சொல்றாங்க. சரியா?

நாகை ரோல்:
இறுக்க வேண்டாம். 1/1000-ல் ஷட்டரின் இரண்டு திரைக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் பிளவுதான். முதல் திரை சோம்பினால் இரண்டாவது எட்டிப் பிடித்துவிடும், பிளவு மூடிவிடும். சோம்பக் காரணம் உருளைத் தாங்கியில் இறுகிய பழைய எண்ணெய். அதைச் சுத்தம் செய்யாமல் இறுக்கினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதே கறுப்பு, அப்போது திரையும் தளர்ந்திருக்கும்.

உறுதி செய்ய ஒரு வழி. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி. பரணில் இருந்தால் இறக்குங்கள், படக்குழாய் டி.வி. தான் வேண்டும். இருட்டறையில் கேமராவின் பின்கதவைத் திறந்து, டி.வி. திரைக்கு எதிரே வைத்து, ஃபிலிம் சட்டம் வழியாகப் பார்த்தபடி 1/1000-ல் அடியுங்கள். சாய்வாக ஒரு ஒளிப்பட்டை தெரியும். ஒரு கோடு வரைய 64 மைக்ரோ நொடி, ஆக ஒரு மில்லி நொடியில் பதினைந்து பதினாறு கோடு அளவு கனம் இருக்க வேண்டும். முனைக்கு முனை ஒரே கனமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மெலிந்து மறைந்தால் அதுதான் உங்கள் கறுப்பு ஓரம்.

அப்படியே மிரர் மேலே இடிக்கும் பஞ்சையும் தொட்டுப் பாருங்கள். விரலில் தார் போல ஒட்டினால் ஐ.பி.ஏ. தொட்ட மரக்குச்சியால் வழித்தெடுத்துப் புதுப் பஞ்சு. வழிக்கும்போது ஃபோகஸிங் ஸ்கிரீன் மேல் தாளை வையுங்கள், அதில் ஒரு துளி விழுந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும்.

பெரம்பூர்க் கல்வெட்டு:
டி.வி. இருக்கு, பட்டை பாதியிலேயே மறையுது. சுத்தம் பண்ணுற வரைக்கும் உள்ளே இருக்குற ஐ.எஸ்.ஓ. 100 ரோலை ஓட்டலாமா?

நாகை ரோல்:
தாராளமாக. உச்சி வெயிலில் எஃப்16, 1/125. 1/250-க்கு மேல் போகாதீர்கள்.