மறு: ‘கழிவுச் சேர்க்கை’க்கு மாற்றாகத் ‘துணைக்காரை’

நண்பர்களே, வணக்கம். கற்காரையில் (கான்கிரீட்டில்) சிமெண்டோடு சேர்க்கும் சாம்பல், கசட்டுத் தூள் போன்ற பொருள்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சுக்கு இது என் மறுமொழி. முன்மொழிந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> ‘கழிவுச் சேர்க்கை’ எளிது, எல்லோருக்கும் புரியும்.

எளிதுதான் ஐயா. ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. கற்காரைக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் கழிவு, அரைத்த டயர்த் துண்டும் கழிவு. சாம்பல் வினைபுரிந்து இறுகும். டயர்த் துண்டு மணலின் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், அமுக்க வலிமையையும் குறைக்கும்.

> ‘சிமெண்டுப் பதிலி’ என்றால்?

பாதி சரி. கடையில் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த போசோலானா சிமெண்ட்) மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம் 1489. ஆனால் சுண்ணம் குறைந்த சாம்பல் வெறும் தண்ணீரில் இறுகாது. சிமெண்ட் நீரேறும்போது வெளிவிடும் நீற்றுச் சுண்ணாம்பு கிடைத்தால்தான் அதிலுள்ள சிலிக்கா பிணைப்புக் கூழாக மாறும். சிமெண்ட் இல்லாவிட்டால் இயங்காத ஒன்றைப் பதிலி என்பது எப்படி? இரும்பாலைக் கசட்டுத் தூள் தானாகவும் மெல்ல இறுகும் என்பது உண்மை; அதற்கும் காரத்தின் தூண்டுதல் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: துணைக்காரை. சுண்ணாம்புக் கலவைக்குக் காரை என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே உண்டு, ‘கற்காரை’யோடும் ஒட்டும். இது புதிய சரக்கும் அன்று. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் தூள், இதே வேலையைத்தான் செய்தது. (இதே பொருளுக்குச் ‘சுண்ணமுண்ணி’ என்ற பெயரை எழுதிய நண்பர் மன்னிக்கவும், எனக்கு மாட்டு உண்ணிதான் நினைவுக்கு வருகிறது.)

வினைபுரியாத எதையும் இந்தப் பெயருக்குள் விடக்கூடாது. உமிச்சாம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவான வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் நிற்கும், நல்ல துணைக்காரை. தாறுமாறாக எரித்தால் படிகமாகி வினைத்திறனை இழக்கும். பிறகு அது வெறும் நிரப்பி.

துணைக்காரை சேர்ந்த கற்காரை வலிமையில் 28-ஆம் நாளில் சற்றுப் பின்தங்கினாலும் 90-ஆம் நாளில் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நுண்துளைகள் அடைபடுவதால் கடலோரக் கட்டடங்களில் உப்பு கம்பியை எட்டத் தாமதமாகும். ஆனால் வார்த்த பிறகு தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பதில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றால் இதற்கு 10 நாள் என்கிறது கற்காரைக்கான இந்தியத் தரம் 456. கொத்தனார்களுக்குப் போய்ச்சேர வேண்டிய செய்தி இது.

கற்காரையில் கலக்கும் இழைகளையும் நண்பர்கள் இந்தச் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருப்பது சரியில்லை. எஃகு இழையோ பாலிப்புரொப்பிலீன் இழையோ வேதிவினை எதுவும் செய்வதில்லை. அமுக்க வலிமையையும் பெரிதாக உயர்த்துவதில்லை. விரிசல் விழுந்த பிறகு இரு பக்கத்தையும் பிடித்து நிறுத்துவதே அவற்றின் வேலை. ‘வலுவூட்டிய கற்காரை’ கம்பிக்கு இருக்கட்டும். இதற்கு ‘இழைக்கற்காரை’ போதும். தென்னை நாரும் இதில் அடங்கும், ஆனால் சிமெண்டின் காரம் அதை நாளடைவில் அரித்துவிடும்.

மேலே சொன்ன அனல்மின் நிலையச் சாம்பலுக்கு (fly ash) வழங்கும் ‘பறக்கும் சாம்பல்’ என்ற பெயர் பற்றியும் முடிவெடுத்துவிடலாம். உலைப் புகையிலிருந்து பிரித்தெடுப்பதால் ‘புகைச்சாம்பல்’ என்றும், உலையின் அடியில் தங்கும் பருமனான வகையை ‘அடிச்சாம்பல்’ என்றும் வைக்கலாம். அடிச்சாம்பல் மணலுக்கு மாற்றாகத்தான் பெரும்பாலும் போகிறது, எனவே அது துணைக்காரையில் சேராது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.