கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை போதுமா?

கெடிலக்கரை (கடலூர்):
என் பெரியப்பாவின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, ‘புற்றுநோய்ச் செல்கள் தென்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நிம்மதியாக இருந்துவிட்டோம். கட்டி பெருத்த பிறகு வேறிடத்தில் பார்த்தால் புற்று. ஊசியை நம்பாதீர்கள், நேரே அறுத்தெடுத்துச் சோதியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை ஆய்வகத்தாள்:
உங்கள் வேதனை புரிகிறது ஐயா. ஆனால் இந்த அறிவுரை ஆபத்தானது. வாயிலோ தொண்டையிலோ தொடங்கிய புற்று கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கலாம். மூல இடத்தைத் தேடாமல் கழுத்தைத் திறந்தால் பிறகு செய்யும் சிகிச்சை சிக்கலாகும். காதுக்குக் கீழுள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் முக நரம்பு ஓடுகிறது. அங்கே கத்தி வைத்துத் துண்டு எடுத்தால் வாய் கோணிப்போகலாம், கட்டியும் சிதறலாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மெல்லிய ஊசியைத்தான் முதலில் வைக்கிறது. நம் பக்கம் அதிகம் காணும் காசநோய் நெறிக்கட்டியையும் இதே ஊசியில் வந்ததை வைத்தே சோதிக்கலாம்.

கெடிலக்கரை:
அப்படியானால் எங்களுக்கு ஏன் காட்டவில்லை?

முத்தியால்பேட்டை ஆய்வகத்தாள்:
கட்டிக்குள் நீர் கோத்திருந்ததா? அப்படிப்பட்ட நெறிக்கட்டியில் ஊசிக்கு வெறும் நீர்தான் வரும். புற்றுச் செல்கள் சுவரோடு ஒட்டியிருக்கும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கெட்டியான பகுதியில் குத்த வேண்டும். செல் தென்படாமல் போய், கட்டியும் கரையாவிட்டால் மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

பாகூர் மருத்துவ மாணவி:
அக்கா, ஊசியின் எல்லையையும் சொல்லுங்கள். ஃபாலிகுலர் வகைத் தைராய்டுக் கட்டி சாதாரணமானதா புற்றா என்று எந்த நிபுணராலும் ஊசியில் சொல்ல முடியாது. கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்கக் கட்டி முழுதாக வேண்டும். தைராய்டு ஊசி முடிவுகளைப் பிரித்துச் சொல்லும் பெத்தெஸ்டா வகைப்பாட்டின் 6 பிரிவுகளில் 4ஆவது இதற்காகவே இருக்கிறது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் உதிரிச் செல்கள் பெரும்பாலும் போதாது. திசுவின் அமைப்பு தெரிய வேண்டும்.

கெடிலக்கரை:
இதைத்தான் நானும் கேட்கிறேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறவரை மறுபடி வா என்றால் வருவாரா? தடித்த ஊசியால் முதல் நாளே திசு எடுத்துவிடலாமே? ரிப்போர்ட்டில் ‘கட்டி கரையாவிட்டால் திரும்ப வரவும்’ என்று தமிழில் ஒரு வரி எழுதினால் என்ன?

முத்தியால்பேட்டை ஆய்வகத்தாள்:
அந்த வரி கட்டாயம் வேண்டும்; எங்கள் ஆய்வகத்தில் கேட்கிறேன். எல்லோருக்கும் தடித்த ஊசி என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். கழுத்துத் தமனியை ஒட்டிய கட்டியில் அது பெரும் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடலாம். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் எடுக்கட்டும்.

கெடிலக்கரை:
சந்தேகம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன அம்மா. முதல் நாளே ஸ்கேனும் ஊசியும் ஒன்றாகக் கிடைக்கும்வரை நான் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.