5950எக்ஸ்: ரெண்டர் முடிந்தபின் ரீஸ்டார்ட், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஏஎம்டியின் ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர், 360 மிமீ லிக்விட் கூலர், மதுரையில் ஏசி இல்லாத அறை. பிபிஓ (வழக்கமான பவர் வரம்பைத் தாண்டி சிப்பை ஓடவிடும் அமைப்பு) ஆன், கர்வ் ஆப்டிமைசர் (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எல்லாக் கோருக்கும் மைனஸ் 20, அதாவது வோல்டேஜ் குறைப்பு. பிளெண்டர் (3டி மென்பொருள்) ரெண்டர் மணிக்கணக்கில் தாங்குகிறது. முடிந்து சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வியா லாகர் 18 (WHEA-Logger, ஹார்ட்வேர் பிழைப் பதிவு). முழு லோடில் கிளாக் இறங்கிவிடும்; ஒற்றைக் கோர் 4.9 கிகாஹெர்ட்ஸை எட்டும்போதுதான் வோல்டேஜ் போதவில்லை என்பது என் கணிப்பு. அந்தப் பதிவில் வரும் ஏபிஐசி ஐடியை (பிழை வந்த த்ரெட்டின் எண்; ஒரு கோருக்கு இரண்டு த்ரெட்) இரண்டால் வகுத்து அந்தக் கோரை மட்டும் மைனஸ் 5 ஆக்கினால் போதுமா, அதிக கிளாக்கை எட்டும் சிறந்த இரண்டு கோர்களையுமே தளர்த்த வேண்டுமா?

இதே சிப்போ அடுத்த தலைமுறை 7950எக்ஸோ வைத்திருக்கும் மதுரை, விருதுநகர், தேனிக்காரர்கள் பிளெண்டர் பெஞ்ச்மார்க்கில் மான்ஸ்டர், ஜங்க்ஷாப், கிளாஸ்ரூம் ஆகிய மூன்று காட்சிகளையும் ஓட்டி எண்களைப் போடுங்கள். அறை வெப்பமும் பிபிடி (சிப்புக்கான மொத்த பவர் வரம்பு) வாட்டும் கட்டாயம் வேண்டும். 142 வாட்டில் ஓடுவதையும் 200 வாட்டில் ஓடுவதையும் ஒப்பிட்டால் சிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது.