புரொஸ்டேட் வீக்கம்: "எத்தனை கிராம்?" எண்டு மட்டும் கேட்கிற ஆட்களுக்கு

ஓய்வுபெற்ற வார்ட் தாதி, உவர்மலை, திருகோணமலை

குச்சவெளிப் பக்கத்துக் கடல்தொழிலாளி, எழுபது தாண்டினவர். வீட்டுக்காரர் கொண்டுவந்தது சலம் போகேல்லை எண்டு இல்லை, இரவில் பாயில் போயிடுது எண்டு. மாசக்கணக்கா பம்பர்ஸ் கட்டித்தான் வைச்சிருந்திருக்கினம். சட்டையை உயர்த்தினால் அடிவயிறு தொப்புள் வரைக்கும் திரண்டு நிக்குது, அமத்தினாலும் நோவில்லை. மகன் ஸ்கான் ரிப்போர்ட்டை நீட்டி, "புரொஸ்டேட் 32 கிராம் தானே மிஸ், பெரிசா ஒண்டுமில்லையாம்" எண்டார். சலம் எடுக்கிற 16 இலக்க ரியூப் போட்டால் ஒண்டரை லீற்றருக்கு மேல வந்தது. பின்னேரம் சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியற்றினின் ரிப்போர்ட் வந்தபிறகு ஒருத்தரும் கிராமைப் பற்றிக் கதைக்கேல்லை.

சடுதியா அடைச்சவர் நோவில துடிச்சுக்கொண்டு வருவார், வழியில ஆரும் மறிக்க மாட்டினம். இப்பிடி நோவில்லாமல் தேங்கிறவரைத்தான் எல்லாரும் "வயசு போனால் அப்பிடித்தான்" எண்டு விடுறது. சலப்பை நிரம்பி வழியிறதைத்தான் அடக்க ஏலாமல் போறது எண்டு நினைக்கினம்.

அதே ரிப்போர்ட்டில மூண்டு வரி தள்ளி, புரொஸ்டேட்டின்ர நடு மடல் சலப்பைக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்குது எண்டு இருந்தது. அந்த நீட்டம் 10 மி.மீ.க்கு மேல போனால், சுரப்பி சின்னனா இருந்தாலும் சலம் தள்ளுற நேரம் வாசலை மூடிப்போடும், கிணத்துக்கு மூடி போட்ட மாதிரி. 80 கிராம் வைச்சுக்கொண்டு ஒழுங்காப் போற ஆட்களும் இருக்கினம். ஸ்கானில முதல்ல பார்க்கவேண்டியது போனபிறகு மிஞ்சி நிக்கிற அளவு. அது திரும்பத் திரும்ப 300 மி.லி.க்கு மேல இருந்தால் சிறுநீரகம் வீங்கியிருக்கோ எண்டு அதே ஸ்கானில கேட்க வேணும்.

இன்னொண்டு: இப்பிடிப்பட்டவருக்கு ரியூப் போட்டதோட வேலை முடியாது. அடைப்புத் திறந்தவுடன் சிறுநீரகம் தண்ணியையும் உப்பையும் கொட்டித் தள்ளும். மணித்தியாலத்துக்கு 200 மி.லி.க்கு மேல தொடர்ந்து ரெண்டு மணித்தியாலம் போனால், போறதை அளந்து, பிறஷர், சோடியம், பொட்டாசியம் பார்க்க வேணும். லேசா இரத்தம் கலந்து வரலாம், பெரும்பாலும் தானா நிக்கும். கிளிப் போட்டு விட்டு விட்டுத் திறக்கிறதால பிரயோசனம் இல்லை.


மருந்தாளர், உள்துறைமுக வீதி

மிஸ் சொன்னது சரி, ஆனால் அந்த ஒருத்தரை வைச்சு எல்லாரையும் ரியூப்புக்குத் துரத்த வேண்டாம். பெரும்பாலான ஆட்களுக்குக் குளிசையே காணும். குளிசையைக் குடிக்கிற விதம்தான் பிழை.

மனுசன் ஒருத்தர் கவுண்டர் முன்னால நிண்டபடியே சலப்பை வாசலைத் தளர்த்துற டம்சுலோசின் கப்சியூலைத் திறந்து, உள்ளுக்கிருந்த மணியளைப் பிளேன்ரீக்குள்ள கொட்டிக் கலக்கினார். விழுங்கக் கஷ்டமாம். வெறும் வயிறு வேற. மருந்து ஆறுதலா இறங்கத்தான் அந்த மணியள், உடைச்சாலோ அரைச்சாலோ ஒரேயடியா ஏறும். 0.4 மி.கி. ஒண்டு, ஒவ்வொரு நாளும் அதே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் பிறகு, முழுசா விழுங்க வேணும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு எண்டால் நல்லம், தலைசுத்து வந்தாலும் படுக்கிற நேரத்தோட போகும். நோன்பு காலத்திலயும் அப்பிடித்தான், துறந்து சாப்பிட்ட பிறகு. வித்தியாசம் ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள தெரியும்.

அவரோட துண்டைத் திருப்பினால் கிளினிக்கில பிறஷருக்குப் பிராசோசினும் போகுது. ரெண்டும் ஒரே இனம். சேர்ந்தால் இரவு எழும்பேக்க பிறஷர் விழும், ஆளும் விழும், தொடை எலும்பு முறிஞ்சால் புரொஸ்டேட்டைப் பற்றி ஆர் கவலைப்படுறது? ஒண்டை நிப்பாட்டச் சொல்லி டொக்டருக்கு எழுதிவிட்டனான்.

கண்ணில வெண்படலம் வெட்டப்போற ஆட்கள், டம்சுலோசின் குடிக்கிறதைக் கண் டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ, எப்பவோ விட்டதெண்டாலும் சொல்லுங்கோ. வெட்டுற நேரம் கருவிழித்திரை தளர்ந்து நெளியும், கண்மணி சுருங்கும். முதலே தெரிஞ்சால் அவை ஆயத்தமா நிப்பினம்.

தடிமன் குளிசை. சூடோஎபெட்ரின் சலப்பை வாசலை இறுக்கும், குளோர்பெனிரமின் சலப்பையைச் சோம்பலாக்கும். ரெண்டும் சேர்ந்த குளிசையைக் குடிச்சுப்போட்டு விடியப்புறம் அடைச்சுக்கொண்டு வாற ஆட்கள் மாரி காலத்தில குறைவில்லை. நித்திரைக்குக் குடுக்கிற அமிற்ரிப்டிலினும் அப்பிடித்தான். மலம் போகாமல் இறுகிக் கிடந்தாலும் அடைக்கும்.

பினஸ்ரறைட் 5 மி.கி. வேற விதம். அது சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாசம் முதல் ஒரு வருசம் பிடிக்கும், சுருங்கிறதும் கால்வாசிக்குக் கிட்டத்தான். சின்னச் சுரப்பிக்குக் குடுத்துப் பிரயோசனம் இல்லை. பெரிய சுரப்பிக்கு ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிறதுக்கு ஆதாரம் இருக்கு: 2003இல் வந்த அமெரிக்க ஆய்வில டொக்சசோசினும் பினஸ்ரறைட்டும் சேர்த்துக் குடிச்ச ஆட்களுக்கு வருத்தம் முற்றுகிற வாய்ப்பு 66 வீதம் குறைஞ்சது. ஆசை குறையும், சிலருக்கு மார்பு நோகும், அதை முதலே சொல்லிக் குடுக்க வேணும். வயித்தில பிள்ளையோட இருக்கிற மருமகள் உடைஞ்ச குளிசையைத் தொடக்கூடாது.


தியேட்டர் ஊழியர், பெயர் வேண்டாம்

குளிசைக் கதை போதும். நான் சொல்ல வந்தது ரீயூஆர்பீ, சலம் போற வழியால கருவி விட்டுப் புரொஸ்டேட்டை வெட்டி எடுக்கிற ஒபரேசன்.

முதுகில ஊசி போட்டு, ஆள் முழிப்பா. மட்டக்களப்பில படிப்பிச்ச கதை, பேரன்ட சோதனை எண்டு நல்லாக் கதைச்சுக்கொண்டு கிடந்தவர். முக்கால் மணித்தியாலம் தாண்டினபிறகு கொட்டாவி. பேந்து, "ஏன் லைற்றைக் குறைச்சனீங்கள்?" எண்டார். லைற்றை ஒருத்தரும் தொடேல்லை. மயக்க மருந்து டொக்டர் உடனே வெட்டுறதை நிப்பாட்டச் சொன்னார். இரத்தக்கசிவைச் சுட்டு மூடி, சோடியத்துக்கு இரத்தம் அனுப்பினவை.

மின்சாரத்தால வெட்டுற பழைய மொனோபோலர் முறையில உள்ளுக்கு ஓட விடுற தண்ணி 1.5 வீத கிளைசீன், சேலைன் அதில மின்சாரத்தைக் கடத்திப்போடும். வெட்டின நாளங்களுக்குள்ளால அந்தத் தண்ணி இரத்தத்தில ஏறினால் சோடியம் இறங்கும், கிளைசீன் கண் பார்வையையும் மங்கப் பண்ணும். அதனாலதான் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கப் பார்க்கிறது, தண்ணிப் பையை ஆளுக்கு மேல 60 சென்ரிமீற்றரை விடக் கூடத் தூக்காமல் வைக்கிறது. முழு மயக்கம் குடுக்காமல் முதுகு ஊசி போடுறதும் இதுக்குத்தான், ஆள் கதைச்சாத்தானே குழம்பினது தெரியும். பைபோலர் முறையில சேலைனே ஓடுறபடியால் சோடியம் இறங்கிற இந்தச் சிக்கல் இல்லை. "உங்களிட்ட எது இருக்கு?" எண்டு கேட்கிறதில வெட்கமில்லை. 80 கிராமுக்கு மேல எண்டால் வயித்தால திறந்து எடுக்கிறது, இல்லாட்டி ஹோல்மியம் லேசர், அது இருக்கிற இடத்தில.


வீடுவீடாப் போய் ரியூப் மாத்துற நேர்ஸ், நிலாவெளி

மேல தியேட்டர்க்காரர் எழுதினதைப் பார்த்து ஒருத்தர் ஒபரேசனை விட்டுப்போட்டு ரியூப்போடையே இருக்கப் போறார், அதுக்கு ஆர் பொறுப்பு? லைற் மங்கின ஆள் பிழைச்சாரோ இல்லையோ எண்டும் எழுதேல்லை. அது அரிதா வாறது. ரியூப்போட இருக்கிற ஆட்கள்ட கதையை வந்து பாருங்கோ.

ஒரு வீட்டில சலம் சேருற பாக்கைக் கட்டில் தலைமாட்டு ஆணியில மாட்டி வைச்சிருந்தினம், நிலத்தில இருந்தால் நாய் இழுக்குமாம். பாக்கில இருந்தது திரும்பி உள்ளுக்குப் போய், மனுசன் காய்ச்சலில நடுங்கிக்கொண்டு கிடந்தார். பக்கத்து மேசையில ஒரு போத்தல் நெருஞ்சிக் குடிநீர், சலம் நல்லாப் போகட்டும் எண்டு.

கேட்காட்டியும் சொல்லுறன். பாக் எப்பவும் சலப்பைக்குக் கீழ, ஆனால் நிலத்தில படாமல். மூண்டில ரெண்டு நிரம்ப முதல் ஊத்த வேணும். சாதாரண லேற்றெக்ஸ் ரியூப் நாலு கிழமைக்கு மேல வைக்கக்கூடாது, முழுச் சிலிக்கன் எண்டால் 12 கிழமை வரை. ரியூப் வந்த பக்கற்றை எறியாதேங்கோ, இலக்கமும் பலூன் அளவும் அதிலதான் இருக்கு. பலூனுக்குக் கிருமிநீக்கின தண்ணி 10 மி.லி., சேலைன் விட்டால் உப்புப் படிஞ்சு பேந்து வடிய மாட்டுது. போடுற ஆள் ஜெல் விட்டு மூண்டு நாலு நிமிசம் பொறுக்க வேணும், சலம் கண்டவுடன் பலூனை ஊதக்கூடாது, ரியூப் ரெண்டாப் பிரியிற கவட்டி வரைக்கும் முழுசா உள்ளுக்குத் தள்ளிப்போட்டுத்தான் ஊதுறது. இல்லாட்டிப் பலூன் புரொஸ்டேட்டுக்குள்ளையே விரிஞ்சு கிழிக்கும். 16 நேரா ஏறாட்டிச் சின்ன இலக்கத்தைத் தேடாதேங்கோ, மெல்லிசு மடியும். நுனி வளைஞ்ச ரியூப் கேளுங்கோ, வளைவு மேல பார்த்தபடி போக வேணும். முடிஞ்சவுடன் முன்தோலைத் திரும்ப முன்னுக்கு இழுத்து விடுங்கோ. இதை மறந்தால் வாற வீக்கம் ரியூப்பை விடப் பெரிய கரைச்சல்.

கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ ஒபரேசன் கிளினிக்குக்கு அனுப்பினால், பஸ்சுக்குக் காலில கட்டுற பாக் போட்டு, பெரிய பாக்கைப் பையில கொண்டு போங்கோ. அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் எது குடிக்கிறது எண்டு பெரிசா எழுதிக் கையில குடுங்கோ. வீட்டில நீங்களா நிப்பாட்ட வேண்டாம், நெஞ்சில ஸ்ரென்ற் வைச்ச ஆளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வெட்டினபிறகு மூண்டு வழி ரியூப் ரெண்டு மூண்டு நாள் நிக்கும், இரத்தக்கட்டி அடைச்சால் உடனே சொல்லுங்கோ. வீட்டுக்கு வந்து பத்துப் பதினாலு நாளில திரும்ப இரத்தம் வரலாம், பொருக்கு விழுற நேரம் அது. நாலு கிழமைக்கு மோட்டார் சைக்கிள், தேங்காய்ச் சாக்கு, முக்கிப் போறது ஒண்டும் வேண்டாம். விந்து பின்னால சலப்பைக்குள்ள போறது நாலில மூண்டு பேருக்குக் கிட்ட வரும், ஆண்மை போறது எண்டு அர்த்தமில்லை. இதை வெட்ட முதல் மனுசிக்கும் சேர்த்துச் சொல்ல வேணும், பிறகு சொன்னால் சண்டை.


ஆய்வுகூடம்

ரியூப் போட்ட அடுத்த நாள் பீஎஸ்ஏ (புரொஸ்டேட்டுக்கு எடுக்கிற இரத்தச் சோதனை) எடுத்து, கூடிக் கிடக்கு எண்டு குடும்பமே அழுதுகொண்டு நிண்டது. ரியூப், சலக்கிருமி, அடைப்பு மூண்டும் அந்த இலக்கத்தை ஏத்தும். ஆறு கிழமை பொறுத்து எடுங்கோ. மாறா, பினஸ்ரறைட் ஆறு மாசத்துக்கு மேல குடிக்கிற ஆளின்ர பீஎஸ்ஏ அரைவாசியா இறங்கும். 3 எண்டு வந்தால் 6 எண்டு வாசிக்க வேணும். குளிசை குடிச்சுக்கொண்டிருக்க இலக்கம் ஏறினால் அதை விடக்கூடாது.


டிஸ்பென்சரி, கிண்ணியா

எல்லாரும் அடைப்பையே எழுதியிருக்கீங்க. ஒரு வாப்பா வந்தார், ராவைக்கு அஞ்சு தரம் எழும்புறாராம், ஒபரேசனுக்குத் துண்டு தரட்டாம். கால் ரெண்டும் வீங்கி, விரல் வைச்சால் பள்ளம். மூணு நாள் எழுதச் சொன்னோம், எத்தனை மணிக்கு எவ்வளவு, அளவுக் கோப்பையால. முழு நாள் போறதில அரைவாசிக்கு மேல ராவையில போகுது. மூணில ஒரு பங்குக்கு மேல போனாலே அது புரொஸ்டேட் வேலை மட்டும் இல்ல. அம்லோடிபின் காலை வீங்க வைச்சது, படுத்தவுடன் அந்தத் தண்ணி ஏறி சலமா வந்தது. பிரஷர் மருந்தை மாத்தி, அசர் தொழுகைக்கு (பின்னேரத் தொழுகை) முந்தி ரெண்டு மணித்தியாலம் காலை உயர்த்தி வைக்கச் சொல்லி, டொக்டர் வேற ஒண்டும் குடுக்கல்ல. ரெண்டு தரமாக் குறைஞ்சது. சீனியும் பாருங்க, புதுச் சீனிக் குளிசை சிலது சீனியைச் சலத்தால தள்ளுறதால சலம் கூடப் போகும்.

அவர்ட உண்மையான கவலை வேற. தொழ முந்தி கை கால் கழுவி ஒழு எடுத்த பிறகு சொட்டுது, தொழுகை போயிட்டோ எண்டு. இதுக்கும் ஒபரேசன் தேவையில்ல. போய் முடிஞ்சதும் ஒரு நிமிசம் நில்லுங்க. விதைப்பைக்குப் பின்னால விரல் மூணை வைச்சு, அமத்தி, மெதுவா முன்னுக்குக் கொண்டு வாங்க, தண்டின் அடி வரைக்கும். வளைவுக்குள்ள தேங்கி நிண்டது வெளியில வரும். ரெண்டு மூணு தரம் செஞ்சுட்டு ஒழு எடுங்க.


மருந்தாளர், உள்துறைமுக வீதி

கிண்ணியா சொன்னதுக்கு ஒண்டு சேர்க்கிறன்: சலத்தைக் கூட்டுற புரூசமைட் குளிசை குடிக்கிற ஆள் எண்டால் அதைப் பின்னேரம் ரெண்டு மூண்டு மணிக்கு மாத்தலாமோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ, படுக்க முதல் வேலை முடிஞ்சிடும்.

நிலாவெளி நேர்சுக்கு: நுனி வளைஞ்ச ரியூப் இங்க எல்லா ஃபார்மசியிலயும் நிக்காது. 14, 16 ரெண்டையும் முதலே சொல்லி எடுப்பிச்சு வைக்க வேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து கேட்டால் திங்கள் வரைக்கும் ஒண்டும் செய்ய ஏலாது.