55 பட்டமா, 1 பட்டமா? ரேஞ்சர்ஸ் 2012 பற்றி மறுபடியும்

ஐப்ராக்ஸ்_குமரன்:
2025 ஏப்ரலில் கிளாஸ்கோவின் கால்பந்துக் கிளப் செல்டிக், அதே ஊர் ரேஞ்சர்ஸின் பரம எதிரி, தன் 55வது ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை எடுத்தபோது ஓடிய இழையில் பார்க்ஹெட்_பாலா எழுதியது இது: "ரேஞ்சர்ஸோடு சமன் ஆகிவிட்டோம் என்கிறார்கள். எந்த ரேஞ்சர்ஸோடு? 54 பட்டம் எடுத்த கிளப் 2012இல் செத்துப்போனது. இப்போது ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆடுவது அந்த வருடம் பிறந்த கிளப். அதன் கணக்கு, 2021இல் எடுத்த 1."

அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே பதில் சொல்கிறேன். நான் கிளாஸ்கோவில் இருந்து அந்த நாட்களைப் பார்த்தவன். 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, அதாவது கடன் கட்ட முடியாமல் வெளி நிர்வாகிகள் கைக்குப் போனது, 10 புள்ளி பறித்தார்கள். ஜூனில் கடனில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் சமரசத்துக்கு வரித்துறை ஒத்துக்கொள்ளவில்லை, கம்பெனியைக் கலைக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 18 அன்று லீக்கின் கடைசிப் படியான நான்காம் டிவிஷனில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிராக முதல் வீட்டு ஆட்டம். வந்தவர்கள் 49,118 பேர். செத்த கிளப்பைப் பார்க்க 49,118 பேர் டிக்கெட் வாங்குவார்களா? 1872இல் தொடங்கிய கிளப் அது, இன்றும் அதுதான். 55.

பார்க்ஹெட்_பாலா:
கூட்டம் வந்ததை நான் மறுக்கவே இல்லை. ரசிகர்கள் உயிரோடு இருந்தார்கள், வந்தார்கள். அதற்கும் பட்டக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லுங்கள். 2011-12 பருவத்தில், 10 புள்ளி போன பிறகும் ரேஞ்சர்ஸ் இரண்டாம் இடத்தில் முடித்தது. இரண்டாம் இடம் வந்த அணி அடுத்த பருவம் நான்காம் டிவிஷனில் எப்படி ஆடும்? யாரும் கீழே இறக்கவில்லை. சொத்தை வாங்கிய புதிய கம்பெனி லீக்குக்குள் வர அனுமதி கேட்டது. ஜூலை 4 அன்று பிரீமியர் லீக் கிளப்புகள் 10-1 என்று கதவைச் சாத்தின, கில்மார்னக் மட்டும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. ஜூலை 13 அன்று கீழ் லீக்கின் 30 கிளப்புகளில் 25 சேர்ந்து நான்காம் டிவிஷனில் இடம் கொடுத்தன. ஏற்கெனவே இருக்கிற கிளப் எதற்கு அனுமதி கேட்கிறது? 1.

ஐப்ராக்ஸ்_குமரன்:
அப்படியானால் நீங்களும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். புதிய கிளப் என்றால் பழைய கிளப்பின் தண்டனையை அதன் தலையில் ஏன் கட்டினார்கள்? 12 மாதம் வீரர்களைப் பதிவு செய்யத் தடை. மற்ற கிளப்புகளுக்கு இருந்த கால்பந்துக் கடன் முழுவதையும் புதிய கம்பெனி ஏற்க வேண்டும் என்று நிபந்தனை. நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு அப்பனின் ஜெயில் தண்டனையைக் கொடுப்பார்களா?

ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் உறுப்புரிமையும் பழைய கம்பெனியிடமிருந்து புதியதற்கு மாற்றித் தரப்பட்டது, புதிதாக வழங்கப்படவில்லை. 2013இல் நீதிபதி நிம்மோ ஸ்மித் தலைமையிலான குழு, கிளப் வேறு, அதை வைத்திருக்கும் கம்பெனி வேறு, கிளப்பைக் கைமாற்ற முடியும் என்று எழுதியே வைத்திருக்கிறது. படித்தீர்களா? 55.

ஊதாச்சட்டை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்பின் ரசிகன். 2002இல் நாங்களும் திவாலாகிப் பெயரையும் இழந்தோம். ஃப்ளோரென்சியா வியோலா என்ற பெயரில் நான்காம் நிலையான சி2வில் ஆடினோம். ஆஞ்செலோ டி லிவியோ, யுவென்டஸிலும் இத்தாலி அணியிலும் ஆடியவர், எங்களோடு அங்கேயே இருந்தார். அடுத்த வருடம் பழைய பெயரை விலை கொடுத்து மீட்டோம். 1956, 1969 பட்டங்கள் உங்களுடையவை அல்ல என்று இத்தாலியில் யாரும் எங்களிடம் சொல்வதில்லை. பார்மா கிளப் 2015இல் திவாலாகி நான்காம் நிலையான செரி டியில் தொடங்கி, மூன்று பருவத்தில் மூன்று முறை மேலேறி முதல் நிலையான செரி ஏவுக்கே வந்துவிட்டது. அதுவும் பழைய பார்மாதான்.

பார்க்ஹெட்_பாலா:
இத்தாலியில் என்ன வழக்கமோ இருக்கட்டும். ஸ்காட்லாந்தில் 1967இல் தேர்டு லானார்க் கிளப் மூடப்பட்டது, செத்தது. 2008இல் கிரெட்னா கிளப் போனது, செத்தது. அங்கெல்லாம் கம்பெனி வேறு, கிளப் வேறு என்று யாரும் வரவில்லை. ஐப்ராக்ஸுக்கு மட்டும் இந்தத் தத்துவம் எங்கிருந்து வந்தது? கூட்டம் பெரிது என்பதாலா? 1.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் 55, 1 என்று எழுதுகிறீர்கள். கிளப் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளலாமே? பதிவு செய்த நிறுவனமா, மைதானமா, உறுப்புரிமையா, ரசிகர் கூட்டமா? ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் இது நடக்காது.

இன்னொன்று. புதிய கம்பெனியின் சார்ல்ஸ் கிரீன் குழு மைதானம், பயிற்சித் திடல், பெயர், வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கடன்காரர்கள் பட்டியலில் வரித்துறை மட்டும் இல்லை. ஆம்புலன்ஸ் சேவைக்கும் பாக்கி இருந்தது. அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

ஐப்ராக்ஸ்_குமரன்:
பாலா தேர்டு லானார்க்கைப் பிடித்துக்கொண்டார். அதன் சொத்தை வாங்கி மறு மாதமே அதே பெயரில், அதே திடலில், அதே லீக் அமைப்பில் யாராவது ஆட வைத்தார்களா? இல்லை. எங்களுக்கு நடந்தது. வித்தியாசம் அதுதான். 49,118.

டைன்காசில்_தேவி:
ஆம்புலன்ஸ் பாக்கி என்று வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஹார்ட்ஸுக்கும் பாக்கி வைத்தீர்கள். 2011இல் லீ வாலஸ் என்ற வீரரை எங்களிடமிருந்து வாங்கினீர்கள், முழுப் பணம் தரவில்லை. அந்தப் பருவத்தில் எங்கள் வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வரவில்லை. ஊர்க்காசில் பட்டம் எடுத்துவிட்டு இப்போது எண்ணிக்கைக்குச் சண்டை போடுகிறீர்கள்.

நாங்களும் 2013இல் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனோம். 15 புள்ளி பறித்தார்கள், 2014இல் கீழே இறங்கினோம். ஆனால் கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடித்தோம். ரசிகர்கள் மாதாமாதம் போட்ட பணத்தில் கிளப் நின்றது, 2021இல் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் கைக்கே வந்தது. எங்கள் வரலாற்றைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐப்ராக்ஸ்_குமரன்:
அக்கா, ஹார்ட்ஸ் ரசிகர்கள் செய்ததற்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் கடனைக் கட்டி முடித்ததுபோல எழுத வேண்டாம். 25 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று. உங்கள் கடன் அதைவிடப் பல மடங்கு. மிச்சத்தை யார் தாங்கினார்கள்? உங்கள் கடன்காரர்கள் சமரசத்துக்குக் கை தூக்கினார்கள், எங்கள் வரித்துறை தூக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாலஸ் பாக்கியும் அந்தக் கால்பந்துக் கடனில்தான் வருகிறது. புதிய கிளப் என்றால் அது ஏன் எங்கள் தலையில் விழுந்தது? பாலாவின் 1 அங்கேயே அடிபட்டுப் போகிறது.

டைன்காசில்_தேவி:
வரித்துறை கை தூக்கவில்லை என்றால் காரணம் இருக்கும் இல்லையா? வீரர் சம்பளத்தை அறக்கட்டளை வழியாகக் கடன் என்ற பெயரில் 2001 முதல் 2010 வரை கொடுத்தது யார்? 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வரி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருடங்களில் எடுத்த பட்டங்களும் உங்கள் 54இல்தானே இருக்கின்றன?

பார்க்ஹெட்_பாலா:
தேவி சொன்னது சரி. அத்தோடு இதையும் கேளுங்கள். 2012இல் ரேஞ்சர்ஸ் வீரர்கள் நைஸ்மித்தும் விட்டேக்கரும் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தங்கள் விசுவாசம் ரேஞ்சர்ஸுக்கு, இந்தப் புதிய கம்பெனிக்கு இல்லை என்று சொல்லிவிட்டு இலவசமாக வெளியேறினார்கள். முதலாளி மாறியதால்தான் ஒப்பந்தத்தை மறுக்க முடிந்தது. உங்கள் வீரர்களுக்கே தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையா? 1.

ஐப்ராக்ஸ்_குமரன்:
முதலாளி கம்பெனி. கம்பெனி மாறியது. அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

பாலா கடனைப் பற்றிப் பேசும்போது 1994 மார்ச்சை நினைத்துக்கொள்ளட்டும். ஸ்காட்லாந்து வங்கி செல்டிக்கை இழுத்து மூட இன்னும் சில மணி நேரம்தான் பாக்கி என்ற நிலை. கனடாவிலிருந்து ஃபெர்கஸ் மெக்கேன் பணத்தோடு வரவில்லை என்றால் நீங்களும் இன்று எங்களைப் போல வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

பார்க்ஹெட்_பாலா:
வந்தார். கொடுத்தார். வங்கிக்குப் போக வேண்டியது போனது. நாங்கள் தப்பித்தோம், நீங்கள் தப்பிக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையே கிடையாது. ஐந்து வருடத்தில் மைதானத்தையும் கட்டி முடித்து, பங்குகளைப் பெரும்பாலும் ரசிகர்களுக்கே விற்றுவிட்டுப் போனவர். உங்களுக்குக் கிடைத்தது கிரெய்க் வைட். ஒரே ஒரு பவுண்டுக்கு!

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்போடு நில்லுங்கள்.

ஐப்ராக்ஸ்_குமரன்:
வைட் பெயரை எடுத்துவிட்டீர்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

2011 மே மாதம் பழைய முதலாளி டேவிட் மரேயிடமிருந்து ரேஞ்சர்ஸை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். லாயிட்ஸ் வங்கிக்கு இருந்த சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்ட் கடனைத் தீர்ப்பதாக ஏற்பாடு. எங்கிருந்து பணம்? எங்கள் சீசன் டிக்கெட். வரப்போகிற பருவங்களின் டிக்கெட் வருமானத்தை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்று 2 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கினார். நாங்கள் இன்னும் கொடுக்காத பணத்தை வைத்தே எங்கள் கிளப்பை வாங்கினார். அதன் பிறகு ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியையும் விற்பனை வரியையும் கட்டவில்லை. பிப்ரவரிக்குள் அது மட்டும் சுமார் 90 லட்சம்.

அதன் பிறகு வந்த மாதங்களை இந்த இழையில் எத்தனை பேர் வாழ்ந்தீர்கள்? ப்ளூ நைட்ஸ் என்ற குழு வாங்கப்போகிறது என்று ஒரு வாரம். சிங்கப்பூரின் பில் இங் என்று ஒரு வாரம். அமெரிக்காவின் பில் மில்லர் என்று ஒரு வாரம், மே மாதம் அவரும் விலகினார். காலையில் வேலைக்குப் போகும்போது கிளப் பிழைத்துவிட்டது போலிருக்கும், மாலையில் திரும்பும்போது இருக்காது. பேருந்தில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் செல்டிக்கின் பச்சைத் துண்டு போட்டிருந்தால் சிரிப்பார். அலுவலகத்தில் சிரிப்பார்கள். வீட்டில் பையன் அடுத்த வருடம் ஆட்டம் இருக்குமா அப்பா என்று கேட்பான், சொல்லப் பதில் இருக்காது. ஜூலையில் நான்காம் டிவிஷன் என்று முடிவானபோது மறுபடியும் சீசன் டிக்கெட் வாங்கினோம். ஏமாற்றியவர்களிடமிருந்து கிளப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால் வாங்கினோம். பீட்டர்ஹெட், பிரிக்கின், அன்னான் என்று ஊர் ஊராகப் போனோம். அன்னானிடம் எங்கள் மைதானத்திலேயே தோற்றோம், அடுத்த ஆட்டத்துக்கும் போனோம். 2016இல் மேலே வந்தோம். 2021இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம். 2022இல் செவியாவில் யூரோப்பா லீக் இறுதி, பெனால்டியில் போனது. இதையெல்லாம் ஒரே கிளப்புக்காகத்தான் செய்தோம். 55.

கணக்குப்பிள்ளை:
வைட் மீதான மோசடி வழக்கில் 2017இல் ஜூரி அவரை விடுவித்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. கிளப் என்றால் எது?

ஐப்ராக்ஸ்_குமரன்:
விடுவித்தது தெரியும். வரி கட்டாமல் விட்டது யார் காலத்தில் என்பதும் தெரியும்.

ஊதாச்சட்டை:
குமரன், எங்கள் பழைய முதலாளி செக்கி கோரி காலத்தைப் படித்தால் உங்களுக்கு வைட் சின்ன ஆளாகத் தெரிவார்.

ஐப்ராக்ஸ்_குமரன்:
தெரிய மாட்டார். உங்கள் ஆள் கிளப்புக்கு நல்ல காலத்தையும் கொடுத்தவர், பாட்டிஸ்டூட்டா ஆடியதைப் பார்த்தீர்கள். எங்களுக்கு ஒன்பது மாதத்தில் எல்லாம் முடிந்தது.

பார்க்ஹெட்_பாலா:
உங்கள் பையன் கேட்டதைப் படித்தேன். வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருத்தம் பட்டமாகாது. ஜூலை 13 அன்று ஓட்டு எதற்கு நடந்தது? இன்னும் பதில் வரவில்லை. 1.

டைன்காசில்_தேவி:
நைஸ்மித்தை இங்கே துரோகி மாதிரி இழுத்ததற்கு ஒரு வார்த்தை. 2012 மார்ச்சில் சாதாரண ஊழியர்களின் வேலை போகாமல் இருக்க, அதிகச் சம்பளம் வாங்கிய வீரர்கள் 75 சதவீதம் வரை குறைத்துக்கொண்டார்கள். அப்போது அவர்கள் நல்லவர்கள், ஜூனில் கெட்டவர்களா? நைஸ்மித் பின்னால் எங்கள் ஹார்ட்ஸுக்கு வந்து ஆடினார், பயிற்சியாளராகவும் இருந்தார், நேர்மையான மனிதர்.

ஐப்ராக்ஸ்_குமரன்:
அக்கா, நைஸ்மித்தை இழுத்தது பாலா, நான் இல்லை. ஆனால் கேட்டதால் சொல்கிறேன். சம்பளத்தைக் குறைத்ததற்கு நன்றி உண்டு. குறைத்துக்கொண்டதற்குப் பதிலாக எளிதில் வெளியேற வழியும் எழுதி வாங்கினார்கள். ஸ்டீவன் டேவிஸும் போனார், சவுதாம்ப்டனுக்கு, ஆனால் கேமரா முன் உட்கார்ந்து யாரையும் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் 2019இல் திரும்பி வந்தபோது ஐப்ராக்ஸ் எழுந்து நின்றது. லீ வாலஸ் ஸ்காட்லாந்து அணி வீரர், நான்காம் டிவிஷனில் இருந்தார். மெக்கலக் இருந்தார். நைஸ்மித் எவர்ட்டனுக்குப் போனார்.

டைன்காசில்_தேவி:
வாலஸை வளர்த்து அனுப்பியது எங்கள் டைன்காசில் மைதானம். அந்த விசுவாசம் எங்கே கற்றது என்று யோசியுங்கள்.

ஐப்ராக்ஸ்_குமரன்:
கற்றது எங்கே என்பது இருக்கட்டும், காட்டியது ஐப்ராக்ஸில். எவர்ட்டன் கதவு திறந்திருந்தபோது யார் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசலாம், நாளைக்கு மறுபடி வருகிறேன்.

பார்க்ஹெட்_பாலா:
வாங்க. அந்த ஓட்டு எதற்கு என்ற பதிலையும் எடுத்துக்கொண்டு வாங்க.