போஸ்ட்டடியில் ஓர் ஆட்டோ இடம்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டுகிறேன். குடியிருப்பது லைன் வீட்டில். சந்துக்குள் ஆட்டோ நுழையாது, ஜன்னல் வழியாக ஒயர் இழுக்க வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை. கடைவீதியில் கரண்ட் போஸ்ட்டில் மாட்டியிருக்கும் சார்ஜிங் பெட்டியை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. கேரள மின்வாரியம் 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் இந்தப் போஸ்ட் பெட்டிகளைத் தொடங்கிவைத்தது, அப்புறம் மற்ற ஊர்களுக்கும் வந்தது. போனில் பணம் ஏற்றி, பெட்டி மேலிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பிளக்கைச் சொருகினால் சரி.

பேட்டரி காலியாகிவிட்டால் என் வண்டிக்கு ஏழரை யூனிட் பக்கம் பிடிக்கும், நாலு மணி நேரம் ஆகும். எங்கள் வீதியில் வந்த சண்டையெல்லாம் இந்த நாலு மணி நேரத்தால்தான்.

போஸ்ட்டடியில் இருக்கும் அந்த இடம் முன்பு மாட்டுத்தீவனக் கடைக்கு வருகிறவர்கள் பைக் நிறுத்துமிடம். மஞ்சள் கோடு போட்டு போர்டு வைத்த அன்றே கடைக்கார அண்ணா என்னைக் கூப்பிட்டார். "உன் வண்டி நாலு மணி நேரம் நிக்குது தம்பி. அதுக்குள்ள அங்க இருவது பேர் வந்து போயிருப்பாங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது சார்ஜ் போடுற இடம், நான் நிறுத்துவதில் என்ன தப்பு என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் சார்ஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா தவிட்டு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகன் மொபெட்டோடு நின்ற தெருமுனை வரைக்கும் நடந்தார். நடுவில் இரண்டு முறை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். போய் மூட்டையை வாங்கித் தூக்கிக் கொடுத்தேன். அண்ணா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசினோம். காலையில்தான் அவருக்கு வியாபாரம், பன்னிரண்டு மணிக்கு மேல் கடை ஓய்ந்துவிடும். கேரளத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை குறைவு, பகலில் சூரிய மின்சாரம் நிறையக் கிடைப்பதால். 4 மணிக்கு மேல் கூடிவிடும். எனக்கும் மத்தியானம் சவாரி குறைவுதான். அதனால் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் என் நேரம் என்று முடிவானது. முன்கண்ணாடியில் என் போன் நம்பரையும் எழுதி ஒட்டினேன், அவசரம் என்றால் யாரும் கூப்பிடலாம்.

ஒருநாள் ஆறு சதவீத சார்ஜோடு வந்தால், கோட்டுக்குள் டிஎன் 41 என்று ஒரு பெட்ரோல் கார் பூட்டிக் கிடக்கிறது. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பொள்ளாச்சிக்காரர், குடும்பத்தோடு சாப்பிடப் போயிருந்தாராம். "போர்டு மலையாளத்துல இருக்குதுங்க, எனக்குப் படிக்கத் தெரியலை" என்றார். அவரை என்ன சொல்ல? எல்லையிலிருக்கும் ஊர், பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், தமிழில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே கடைக்கார அண்ணா தீவனச் சாக்கு அட்டையில் பெயின்ட்டால் "சார்ஜ் போடும் வண்டிக்கு மட்டும்" என்று எழுதிக் கட்டினார்.

பெட்ரோல் வண்டிகளைவிட என்னை அதிகம் காக்கவைத்தது பச்சை நம்பர் பிளேட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள்தான். சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் பிளக்கோடு நிற்கும், ஆளைக் காணோம். போனில் மெசேஜ் வந்திருக்கும், பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுக்க வேண்டாமா? பெட்ரோல் போட்டு முடித்தபின் பங்க்கிலேயே வண்டியை விட்டுவிட்டு யாராவது போவார்களா? இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு சவாரி போகிறது.

சந்தை நாளில் மட்டும் இன்னும் ஒன்றும் சரிப்படவில்லை. அன்று விடியும் முன்பே கோட்டின் மேல் காய்கறிக் கூடைகள் இறங்கிவிடும். அவர்கள் பிழைப்பும் அந்த ஒரு நாள்தான். அதனால் முந்தின நாளே முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு, கிட்டத்துச் சவாரி மட்டும் எடுக்கிறேன். உங்கள் ஊரில் சந்தை நாளுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?