ஞானஸ்நான நெட்டங்கி: ஒரு கலைச்சொல் விவாதம்

> அருங்காட்சியகக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஸ்காட்லாந்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது அணிவித்த பழைய உடை அது. ‘ஞானஸ்நான அங்கி’ என்றால் போதுமா?

போதாது, ஐயா. அங்கி என்றதும் நம் வாசகருக்குப் பாதிரியார்தான் நினைவுக்கு வருவார். தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறும் பெரியவர்கள் அணிவதும் அங்கியே. அவை கணுக்காலோடு நின்றுவிடும். நீங்கள் சொல்லும் உடையோ குழந்தையின் பாதத்தைத் தாண்டித் தொங்குவது. பல உடைகள் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பவரின் முழங்கால் வரை வழியும் அந்த நீளந்தான் இதன் அடையாளம். தலையில் மட்டும் நீர் தெளிப்பதால் இத்தனை துணியும் நனையாமல் தப்புகிறது.

எனவே என் பரிந்துரை: ஞானஸ்நான நெட்டங்கி. நெட்டெழுத்து, நெட்டுயிர்ப்பு போன்ற புணர்ச்சிதான். புதுமை ஒன்றும் இல்லை.

உங்கள் குறிப்பில் இருப்பது ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் வட்டாரத்துக்குப் பேர்போன பூத்தையல் வேலைப்பாடு என்று ஊகிக்கிறேன். 1814ஆம் ஆண்டளவில் அயர் நகரின் ஜேமிசன் அம்மையார், இரவலாகக் கிடைத்த பிரெஞ்சுக் குழந்தை உடை ஒன்றைப் பார்த்து அதன் தையல் நுணுக்கத்தைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தார். மஸ்லின் என்னும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் வெள்ளை நூல். பூவிதழ்களின் நடுவே துணியை வெட்டி, அந்தத் துளையை ஊசியாலேயே லேஸ் போலப் பின்னி நிரப்புவார்கள். இதைச் செய்த பெண்களை அங்கே ‘பூப்போடுபவர்கள்’ என்ற பொருளில்தான் அழைத்தார்கள். இந்த வேலைப்பாட்டை நாம் ‘வெள்ளைப் பூத்தையல்’ எனலாம். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து குறைந்தது. சுவிட்சர்லாந்தின் இயந்திரப் பூத்தையலும் போட்டிக்கு வந்தது. தொழில் நொடித்தது.

> ஓர் ஐயம். அக்காலத்தில் கைக்குழந்தைகளின் அன்றாட உடையும் நீளமாகத்தானே இருந்தது? அப்படியானால் ‘நெட்டங்கி’ எதைப் பிரித்துக் காட்டுகிறது?

நல்ல கேள்வி, அம்மா. அன்றாட உடையை வெறும் ‘நெட்டங்கி’ என்போம். சடங்குக்கு உரியதற்கு ‘ஞானஸ்நான’ என்ற அடைமொழியை முன்னால் சேர்ப்போம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ஞானஸ்நான உடைக்கும் இது பொருந்தும். விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்காக 1841இல் இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர்ப் பெயர் கொண்ட லேஸும் பட்டும் கொண்டு தைத்த அதை 2004 வரை தலைமுறை தலைமுறையாக அணிவித்தார்கள். 2008 முதல் அதன் நகல்தான் பயன்படுகிறது.

ஆனால் இன்னும் பழைய காலத்துக்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம். துணியால் இறுகச் சுற்றிய குழந்தையின் மேல் போர்த்தித் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்ற பட்டுத் துணி உடையே அல்ல. அதற்கு ‘ஏந்துதுணி’ என்று தனிச்சொல் வைக்கலாம்.

> ‘ஏந்துதுணி’ பிடித்திருக்கிறது. மார்பில் தலைகீழாகவும் பாவாடையில் நேராகவும் வரும் இரண்டு முக்கோணப் பூவேலைப் பகுதிகளுக்கு?

‘மார்முக்கோணம்’, ‘பாவாடை முக்கோணம்’ என்று இப்போதைக்கு எழுதுங்கள். தையல் கலைஞர்கள் யாரேனும் குழுவில் இருந்தால் திருத்தட்டும்.